நுரை கட்டக் கூடாத மருந்து

மருந்துக்கடைத் தொழிலில் பாதி நேரம் மருந்து கொடுப்பதில் போகிறது. மீதி நேரம், "இது உங்களுக்கு வேண்டாம்" என்று நல்லா இருக்கிற ஆட்களிடம் மல்லுக்கட்டுவதில் போகிறது. காரைக்குடியில் கவுன்டருக்குப் பின்னால் நின்று நின்றே குதிகால் தேய்ந்தவள் நான். இதைப் படிக்கும் சக கடைக்காரர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் அல்லாத, ஆனால் ஐம்பதைத் தாண்டிவிட்ட வாசகர்களும் நம் கூட்டம்தான். மாடிப்படி ஏறும்போது முட்டி தனியாகப் பேசுகிறதே, அந்தக் கூட்டம்.

வளர்ச்சி ஹார்மோன் என்று ஒன்று இருக்கிறது. படிக்கிற காலத்தில் அதைப் பிள்ளைகள் உயரமாக வளர்வதற்கான சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிற மாதிரி, வளர்ந்து முடிந்ததும் அதற்கு வேலை தீர்ந்தது என்று நம்பினேன். அப்படி இல்லை என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு சமையல்காரி. அந்த வருஷம் நடந்ததைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

பஸ்ஸில் வந்த பெட்டி

அந்த ஹார்மோன் ஊசி மருந்தை எங்கள் பக்கம் யாரும் வாங்கி அடுக்கி வைப்பதில்லை. மதுரை மொத்தக் கடையில் சொன்னால் தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் வைத்து பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். நான் சொன்ன சமையல்காரி, கோவிலூர் தெய்வானை அக்காவுக்காக முதல் பெட்டி வந்த அன்று பார்க்கிறேன், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் என் பெட்டி சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. அந்த மூடியில் தோசை சுடலாம். மருந்தோ குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டியது. சூடு பட்டாலும் கெடும், உறைந்து போனாலும் கெடும்.

கண்டக்டரை நான் பிடித்த பிடியில், இறங்க வேண்டிய சனம் இறங்காமல் வேடிக்கை பார்த்தது. அங்கேயே பிரித்தேன். நல்லவேளை, ஐஸ் அப்படியே இருந்தது. திருப்பத்தூரில் கூட்டம் ஏறியபோதுதான் பெட்டியை அங்கே நகர்த்தி வைத்தார்களாம். உள்ளே என்னதான் இருக்கிறது என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் உயரத்துக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றின் அடியிலும் துளி வெள்ளைப் பொடி. தலைக்குள்ளே ஒரு சுரப்பி செய்யாமல் விட்ட வேலையை இனி இந்தப் பொடிதான் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுப் பெரிய ஆளுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு சீட்டுப் பிடிச்சு உக்கார வச்சிருப்பேனேக்கா."

பிழைத்தது யார்

தெய்வானை அக்காவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் பக்கத்து விசேஷங்களில் சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடுகிற குழுவின் தலைவி அவர். அதிலும் வெள்ளைப் பணியாரம் என்றால் அவர் கைதான். அரைத்த மாவைக் கையால் அடித்து அடித்து நுரை கட்ட வைப்பார். எண்ணெயில் ஊற்றினால் ஓரம் சுருங்கி நடு உப்பி வரும். பத்து வாய் பேசிக்கொண்டிருக்கிற பந்தி அதைக் கண்டதும் அமைதியாகிவிடும்.

அப்படிப்பட்டவருக்குத் தலைவலி, கண் மங்கல் என்று வந்து, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கெட்ட கட்டி இல்லை. மதுரையில் மூக்கு வழியாகவே போய் எடுத்துவிட்டார்கள். கட்டி போனது, கூடவே சுரப்பியும் படுத்துவிட்டது. அது கொடுக்க வேண்டிய மற்ற ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுத்தார்கள். அப்புறமும் அக்கா தேறவில்லை. கை மெலிந்தது, வயிறு மட்டும் பெருத்தது. கரண்டியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. அதைவிட மோசம், யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று வீட்டுக்காரரே சொன்னார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான், வளர்ச்சி ஹார்மோன் அறவே இல்லை என்று டாக்டர் இந்த ஊசியை எழுதினார்.

நான் அன்றைக்கு என் பழைய புத்தகங்களைத் தூசி தட்டினேன். படிக்கப் படிக்க மலைத்துப் போனேன். பட்டாணி அளவு சுரப்பி. நாம் ஆழ்ந்து தூங்கும்போது இந்த ஹார்மோனைக் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. குழந்தையில் ஆளை வளர்த்தது, வளர்ந்தபின் காவலுக்கு நிற்கிறது. சதையைச் சதையாக, எலும்பை எலும்பாக வைத்திருக்கிறது, மனசில் ஒரு தெம்பு வைக்கிறது. வயது ஏற ஏற அதுவே மெல்லக் குறைத்துக்கொள்கிறது. எனக்கும் உங்களுக்கும் இப்போது குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அது நோயில்லை. அக்காவுக்கு நடந்தது வேறு. மெல்லக் குறையவில்லை, அடியோடு நின்றுவிட்டது. அடுத்த தை மாதம் ராமநாதன் செட்டியார் வீட்டில் எழுபதாம் வயதுச் சாந்தி, கணவனும் மனைவியும் மறுபடி மணையில் உட்காருகிற விசேஷம். அவர்களுடைய அறுபதுக்கும் அக்காதான் பணியாரம் ஊற்றினார். இந்த முறை அடுப்படியில் நிற்க முடியாவிட்டால் இனி எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. முதல் பெட்டியை வாங்கிக்கொண்டவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "செத்துப் பிழைச்சேன்னு எல்லாரும் சொல்றாக தங்கச்சி. பிழைச்சது யாருன்னுதான் எனக்குத் தெரியலை."

எழுபதுக்கு நாற்பது

அந்தச் சாந்திக்கு மாப்பிள்ளையான ராமநாதன் செட்டியாரே ஒருநாள் கடைக்கு வந்தார். பினாங்கில் தொழில் செய்துவிட்டு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். காலையில் நடை, சாயங்காலம் நடை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. என் வருமானத்துக்கு உதவாத மனுஷர். கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். திரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உடம்பை முறுக்கிக்கொண்டு நின்றார். "இது வளர்ச்சி ஹார்மோன் ஊசியாம்மா. போட்டா வயசு பின்னால போகுதாம். எங்க ஜிம் மாஸ்டரும் போடுறாரு. சாந்திக்கு இன்னும் மாசமிருக்கு, ஒரு நாப்பதுக்குக் கொண்டு வந்துரலாம்ல?" என்றார்.

ஐயா, இது டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாதது, சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கானது, உங்களுக்கு இருக்கிறது வெறும் வயசு என்றேன். நல்ல உடம்பில் போட்டால் மூட்டு வலிக்கும், கைகால் வீங்கும், இல்லாத சர்க்கரை வரும், தெரியாமல் எங்காவது கட்டி கிடந்தால் அதையும் வளர்க்கலாம் என்று அடுக்கினேன். வயதை யாராலும் பின்னால் தள்ள முடியாது, சதை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. காரை விட்டு இறங்காமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விசாலாட்சி ஆச்சிதான் கண்ணாடியை இறக்கி, சத்தம் போடாமல் சொன்னார்: "இவுக நாப்பதாயி மணையில உக்காந்தா, பக்கத்துல நான் என்ன, இவுக ஆத்தாவாட்டமா உக்காரவா?"

கழலாத மோதிரம்

ஆச்சி சொல்லியும் செட்டியார் ஆசை அடங்கவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. என் கடைக்கு அடுத்த கடை நகை செய்கிற பத்தருடையது. சாந்திக்கு மோதிரம் சொல்ல வந்த செட்டியார் அங்கே உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்து, "யோசிச்சியாம்மா?" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் பெருமையடித்த அதே ஜிம் மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து வந்து, பத்தர் முன்னால் கையை நீட்டினார். கல்யாண மோதிரம் விரலில் இறுகிக் கிடந்தது. சோப்பு போட்டுப் பார்த்தாராம், எண்ணெய் விட்டுப் பார்த்தாராம், கழலவில்லை. விரல்கள் மரத்துப் போகின்றன, டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது என்றார். யாரிடமோ வாங்கி, எவ்வளவு என்று தெரியாமலே ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நிறுத்திவிட்டு இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், சர்க்கரையையும் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பத்தர் சின்ன ரம்பத்தை எடுத்து மோதிரத்தை அறுக்க ஆரம்பித்தார். செட்டியார் சைகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் தன் மோதிரத்தைத் திருகி, அது சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஊசி கேட்கவே இல்லை. "கல்யாணத்துக்குப் போட்டது பத்தரே, எப்படிச் சின்னதாச்சு?" என்று ஜிம் மாஸ்டர் பாவமாகக் கேட்டார். பத்தர் அறுப்பதை நிறுத்தவே இல்லை. "தங்கம் சொன்ன சொல்லு மாறாது தம்பி, நீங்கதான் மாறிட்டீக."

நுரை

இதற்கிடையே தெய்வானை அக்கா விஷயம் நகரவில்லை. மாதங்கள் போயின; ஊசியும் போனது. ரத்தப் பரிசோதனையில் ஏற வேண்டியது ஏறவில்லை. டாக்டர் அளவைக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் இல்லை. அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் நிறுத்திவிடலாம், இந்த மருந்து உங்கள் உடம்பில் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பித்தான் இந்த மருந்தே வாங்குகிறார்கள். அக்கா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் ஃபிரிட்ஜில் கோளாறோ, பஸ்ஸில் கெட்டதோ என்று நான் தூக்கம் கெட்டுத் திரிந்தேன்.

அன்றைக்கு மகள் வீட்டில் தங்கப் போவதாகச் சொன்னார். புதுக் குப்பியை இங்கேயே கலந்துகொண்டு போகிறேன் என்று கையைக் கழுவினார். பொடி இருந்த குப்பிக்குள் அதைக் கரைக்கிற தண்ணீரை ஏற்றினார், சுத்தமாகத்தான் செய்தார். அடுத்து குப்பியை உள்ளங்கையில் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார் பாருங்கள். வளையல் சத்தம் பத்தர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். குலுக்கி முடித்து வெளிச்சத்தில் தூக்கி எனக்குக் காட்டினார். குப்பி முழுக்க வெள்ளை நுரை. முகத்தில் அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு பெருமை.

நான் குப்பியை வாங்கிக் கவுன்டரில் வைத்தேன். அந்த மருந்து ஒரு புரதம். தண்ணீரைக் குப்பியின் சுவரோரமாக மெல்ல இறக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவில் லேசாக உருட்ட வேண்டும். நுரைக்க அடித்தால் அது உருக்குலைந்துவிடும். "அக்கா, முட்டை வெள்ளைக்கருவை அடிச்சு நுரையாக்கிட்டா, அது மறுபடி பழைய வெள்ளைக்கரு ஆகுமா?" என்று கேட்டேன். அவர் குப்பியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். சமையல்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நான் உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். பழைய அளவிலேயே முதலிலிருந்து ஆரம்பியுங்கள், பரிசோதனையைத் தள்ளி வைப்போம் என்றார். நான் போனை வைத்ததும் அக்கா சொன்னார்: "மதுரை நர்ஸ் பிள்ளை உருட்டித்தான் காட்டுச்சு தங்கச்சி. மாவு அடிச்சுப் பழகாத கையி, பாவம்னு நான்தான் மனசுக்குள்ள சிரிச்சேன்."

அடுப்படி

ஆவணியில் ஊசி திரும்ப ஆரம்பித்தது. முதல் பரிசோதனையிலேயே எண் மேலே வந்தது. அப்போதும் நான் நம்பத் துணியவில்லை. காகிதத்தில் ஏறுவது வேறு, ஆளில் ஏறுவது வேறு. ஐப்பசியில் அக்கா டவுன் பஸ்ஸில் தனியாக வந்தார். கார்த்திகையில் என் கடை வாசலில் நின்று, பத்தருடைய மனைவியிடம் யாரோ செய்த அதிரசத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே மருந்து எடுத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அடுத்தவர் பலகாரத்தைக் குறை சொல்கிற அந்தத் தெய்வானை அக்காவைக் கண்டு எவ்வளவு நாளாகிவிட்டது. ஒரு துளி தண்ணீரில் கரைகிற பொடி ஒரு மனுஷியின் வாய்க்கொழுப்பைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டதே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

தையில் சாந்திக்குப் போனேன். மணையில் செட்டியார் எழுபது வயதாகவே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஆச்சி மனைவியாகவே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருமே அழகாக இருந்தார்கள். நான் நேரே பின்கட்டுக்கு நடந்தேன். அங்கே பெரிய அடுப்பு, அதன்மேல் வாணலி, முன்னால் தெய்வானை அக்கா. கிழவி இளமையாகவெல்லாம் ஆகிவிடவில்லை. நரை இருந்தது, வேர்வை இருந்தது, இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நிற்கவும் செய்தார். ஆனால் நின்றது அவர்தான். குத்துப்போணி என்கிற ஆழமான பாத்திரத்தில் மாவைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார், வளையல் குலுங்கியது. இரவு தூக்கத்தில் கசிய வேண்டிய ஒன்று அந்தக் கைக்குள் இப்போது இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்னைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்தி, பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டிக் கேட்டார்: "இதுல நுரை வரலாம்ல தங்கச்சி?"

இளமையைத் திருப்பித் தருகிற மருந்து என் கடையில் இன்றைக்கும் இல்லை. ஓர் ஆளை அந்த ஆளிடமே திருப்பித் தருகிற மருந்து மட்டும், யாரும் குலுக்கிவிடாதபடி, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் என் அதட்டலுக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது.