மூன்றரைச் சாண் உயரத்தில் ஒரு முன்சீட்டு

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், கலர் கேட்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் ஏர்பேக் எத்தனை என்று கேட்பார்கள். குறும்பனை மிக்கேலம்மாள் நாகர்கோவில் ஷோரூமுக்குள் போனதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நேரே முதல் வண்டியின் முன்கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட் வரைக்கும் சாண் போட்டு அளந்தாள். குனிந்து அளந்தவள் நிமிர்ந்து, "மூணரை. கொள்ளாம்," என்று திருப்தியாகத் தலையாட்டினாள்.

விற்பனைக்கு நின்ற பையன் நிதின், டை கட்டியவன், மரியாதை தெரிந்தவன். ஆனாலும் சாண் போட்டுக் கார் பார்க்கிற ஆளை அவன் அன்றுதான் பார்த்தான். பக்கத்தில் நின்ற மகன் பிபினைப் பார்த்து, "அம்மா என்ன பாக்காங்க சார்?" என்று மெல்லக் கேட்டான். பிபின் நெற்றியைத் தடவினான். அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

நமக்கு நேரம் இருக்கிறது, சொல்லிவிடலாம்.

மிக்கேலம்மாளின் புருஷன் ததேயுஸ் மஞ்சள் காமாலையில் போனது 2004-ல். கட்டுமரமும் போச்சு, வலையும் போச்சு, வீட்டில் பதினைந்து வயதுப் பையன் பிபின் மட்டும். அடக்கம் முடிந்த நாற்பத்தோராம் நாள் அவள் சருவத்தை எடுத்துத் தலையில் வைத்தாள். சருவம் என்றால் வாய் அகன்ற அலுமினியப் பாத்திரம்; ஐஸும் மீனுமாக நிறைந்தால் ஒரு ஆள் தூக்கிவிட வேண்டும். கடற்கரையில் ஏலம் எடுத்து, எட்டு மைலுக்குக் குறையாத சுற்றுப்பாதையில் வீடு வீடாகக் கூவி, கருங்கல் சந்தைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பஸ்ஸில் ஏறினால் என்ன நடக்கும் என்று மீன்காரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கண்டக்டர் நடுவழியில் விசில் ஊதி, "தண்ணி ஒழுகுது, இறங்கு," என்று இறக்கிவிட்டான். ஆட்டோக்காரர்கள் ஏற்றுவார்கள், ஆனால் சீட்டில் சாக்கை விரித்து அதன் மேல் உட்காரச் சொல்வார்கள். இறங்கியதும் அவள் கண் முன்னாலேயே பினாயில் போட்டுத் துடைப்பார்கள். காசு கொடுத்துவிட்டு அதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பேசாமல் போவாள்.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் வைகுண்டராஜன் ரொட்டி வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்தினான். கருங்கல் பேக்கரி ஒன்றின் வேன் அது. விடிவதற்கு முன்னால் கடற்கரைக் கடைகளுக்கெல்லாம் பன்னும் ரொட்டியும் போட்டுவிட்டு, ஏழு மணிக்குக் காலியாகத் திரும்பும். அவளை விட ஐந்து வயது இளையவன். இறங்கி வந்து சருவத்தைத் தூக்கி வேனின் மேல் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். அவள் பின்பக்கமாகப் போகப் பார்த்தாள்.

"அங்க எங்க போறிய? முன்னால இரிங்க யக்கா."

"சீட்டு நாறிப் போவும் மக்கா. ஒரு சாக்கு இருந்தாக் குடு."

"சாக்கெல்லாம் இல்ல. இரிங்க."

இருந்தது. பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு அடியில் நாலு சாக்கு கிடந்ததை அவள் பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தன் பக்கம் ஏறி, "சௌகரியமா இரிக்கியளா?" என்று கேட்டான். "எனக்கென்ன கொறச்சல், வண்டிய எடு," என்றாள். தன் முகத்தை அவன் பார்த்துவிடக் கூடாது என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒன்பது வருஷம். ஞாயிறும் பெரிய வெள்ளியும் போக, தினமும் அதே கேள்வி, அதே பதில். காசு நீட்டினால் வாங்கமாட்டான். "சாளை இருந்தா ரெண்டு போடுங்க," என்பான், அதோடு சரி. ஒருநாள் பேக்கரி முதலாளி, ரொட்டி வண்டியில் மீனா என்று முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கக் கத்தியபோது, "மீனு மேலயாக்கும் இருக்கு, அக்கா முன்னாலயாக்கும் இருக்கு, ரொட்டியத்தான் நாம எறக்கியாச்சே, பின்ன என்ன?" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். அந்த ஒன்பது வருஷத்தில்தான் பிபின் ஐ.டி.ஐ. முடித்தான், வெல்டராகக் கத்தாருக்குப் போனான், ரெஜிஷாவைக் கட்டினான், வீட்டுக்கு மேல் கான்கிரீட் ஏறியது. எல்லாம் அந்த முன்சீட்டில் உட்கார்ந்து வந்தது என்றுதான் மிக்கேலம்மாள் சொல்வாள். மகன் சம்பாதித்ததை ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று ரெஜிஷாவுக்குக்கூட ஒரு வருத்தம் உண்டு.

2016-ல் சர்க்கரை வைகுண்டராஜனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அது ஒரு இடி என்றால், அடுத்தது புண்ணைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று விழுந்தது. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. தெருவில் பெண்பிள்ளைகள் நின்றார்கள். அன்றோடு, யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். கால் புண்ணுக்கு மருந்து வைக்க நர்ஸ் வீட்டுக்கு வந்து போனாள். முற்றத்தைத் தாண்டி அவன் வெளியே வரவே இல்லை.

இப்போது அவன் மகள் கிருஷ்ணப்ரியாவுக்குக் கலியாணம். தக்கலை மண்டபத்தில், ஜூன் முதல் வாரம். மிக்கேலம்மாள் பார்க்கப் போனபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து, "நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கிடுதேன் யக்கா. எந்தம்பி கையப் புடிச்சுக் குடுப்பான்," என்றான். உள்ளே அந்தப் பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. அவன் ஒற்றைக் காலை ஊன்றி, ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்து, யார் கையையும் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழுவதை மிக்கேலம்மாள் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் அளந்தாள். மூன்றரைச் சாண்.

சின்னக் கார் பள்ளம். உட்கார்ந்தால் எழ முடியாது. ஆட்டோவில் குனிந்து ஏற வேண்டும். ஜீப் மேடு. கட்டில் உயரத்துக்கு ஒரு வண்டி இருந்தால் அவனே ஏறி உட்காருவான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த மாதமே பிபின் லீவில் வந்து, ஏழு பேர் போகிற ஹைப்ரிட் வண்டி ஒன்று வாங்கப் போகிறேன், அம்மா பேரில்தான் எடுப்பேன் என்றான். அவள் முழங்கால் போட்டுச் சிலுவை வரைந்துகொண்டாள். மகன் அது காருக்கென்று நினைத்தான்.

ஷோரூமில் ஒரே வண்டி மூன்று தரத்தில் நின்றது. நிதின் மனப்பாடமாக ஒப்பித்தான். மூன்றிலும் எஞ்சினுக்குத் துணையாகக் கூடுதல் பேட்டரி உண்டு. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் தானாக உயிர் வரும், டீசல் மிச்சம். கீழ்த்தரத்தில் இவ்வளவுதான். நடுத்தரத்தில் பின்சீட்டுக்கும் ஏ.சி., கதவுப் பக்கத்தில் பிடித்து ஏற கைப்பிடி. மேல்தரத்தில் இவையெல்லாம் போக, தோல் சீட், பின்னால் கேமரா, ஏறுவதற்குப் பக்கவாட்டில் நீளமாக ஒரு படி.

கூட வந்திருந்த ரெஜிஷா நடுத்தரத்தைப் பார்த்தாள். நியாயமான ஆசைதான், மேலே போனால் ஒன்றரை லட்சம் கூடும், வீட்டுக்கு மதில் கட்ட வேண்டியிருந்தது. பிபினும் தலையாட்டினான்.

"பொறு மக்கா," என்றாள் மிக்கேலம்மாள். "அவன் ஏறணும்லா?"

அதற்குப் பிறகு அவள் செய்ததை அந்த ஷோரூம் மறந்திருக்காது. சேலையை இழுத்துச் செருகினாள். மூலையில் கிடந்த பெருக்குமாற்றுக் கம்பை வாங்கிக் கக்கத்தில் கொடுத்தாள். வலது காலை மடக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். தலைச்சுமையோடு வண்டி ஏறிப் பழகிய மீன்காரிகள் முகம் காட்டி ஏறமாட்டார்கள். முதுகைக் காட்டிச் சீட்டில் குண்டியை வைத்து, அப்புறம்தான் காலை உள்ளே இழுப்பார்கள். அதே மாதிரி ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்த்தாள். ரெஜிஷா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கார் பார்க்க வந்த குடும்பம் தன் காரை விட்டுவிட்டு இதைப் பார்த்தது.

கீழ்த்தரத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை, சாய்ந்துவிட்டாள். நடுத்தரத்தில் கைப்பிடி கிடைத்தது, ஆனால் துணி சீட் சேலையைப் பிடித்துக்கொண்டு திரும்ப விடவில்லை. ஒற்றைக் காலை மட்டும் ஊன்றி உன்னித் திரும்ப முடியாது. மேல்தரத்தில் தோல் சீட் வழுக்கிக் கொடுத்தது. ஆனால் அந்தப் படி! பின்னால் நகர்ந்தால் கெண்டைக்காலில் இடித்து, சீட்டை நெருங்கவே விடவில்லை.

"வயசானவங்க ஏறுறதுக்குத்தான் அம்மா படி," என்றான் நிதின்.

"ரெண்டு காலு இருக்கவனுக்கு ஒன் படி. இதக் கழட்டிக் குடுப்பியளா?"

நிதின் வாயைப் பிளந்தான். "எல்லாரும் கூடக் காசு குடுத்து மாட்டிட்டுப் போறாங்க அம்மா. கழட்டச் சொன்னது நீங்கதான்."

பிபின் கடைசியாக ஒரு வழி சொல்லிப் பார்த்தான். "அம்மா, நடுவுல உள்ளத எடுப்போம். சீட்டுல ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட விரிச்சா வழுக்கும்லா? ஒரு நாளைக்குத்தான?"

அவள் முகம் மாறியது. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான், போடவில்லை.

"ஒம்பது வருசம் மீன் தண்ணி ஒழுக ஒழுக இரிந்தேன் மக்கா. ஒரு நாளு அவன் எனக்குச் சாக்கு விரிக்கல்ல. நான் அவனுக்கு ஷீட்டு விரிக்கணுமா?"

பிபினுக்குக் கண் கலங்கிவிட்டது. ரெஜிஷாதான் முதலில் வாய் திறந்தாள். "மேல உள்ளதே எடுங்க. மதில அடுத்த லீவுல கெட்டலாம்," என்றாள். அன்றைக்கு மிக்கேலம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினாள். நல்ல பிள்ளை, கர்த்தர் எனக்கு நல்ல பிள்ளையைத்தான் தந்தார் என்று வழியெல்லாம் சொன்னாள், அந்தப் பெண்ணுக்கு வெட்கமாகிவிட்டது.

வண்டியைக் கோவிலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்; முதல் ஓட்டமே வைகுண்டராஜன் வீட்டுக்குத்தான். கலியாணத்தன்று காலை. அவன் வர மறுத்தான். "ஏறிப் பாரு. முடியல்லன்னா நானும் ஒங்கூட இங்கயே இரிக்கேன், கலியாணம் வேண்டாம்," என்று மிக்கேலம்மாள் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டுச்சேலையில்! வேறு வழியில்லாமல் அவன் வேட்டியின் மேல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஊன்றுகோலோடு வந்தான். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கைநீட்டி ஓடினார்கள்.

"ஏலே, ஒருத்தனும் தொடப்பிடாது!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேளக்காரன்கூட நின்றுவிட்டான்.

"முன்னால இரி மக்கா," என்றாள் அவனிடம்.

அவன் முதுகைத் திருப்பினான். கைப்பிடியைப் பிடித்தான். சீட் அவன் கட்டில் உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தான், வழுக்கித் திரும்பினான், காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அவ்வளவுதான், மூச்சு வாங்கக்கூட இல்லை. கதவைச் சாத்தக் குனிந்தவன் கீழே பார்த்தான். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் கண். திருகாணிகள் இருந்த துளைகளில் ரப்பர் அடைப்பு வைத்திருப்பதை அது விடவில்லை.

"இதுல படி இருந்திருக்கே. எடுத்திட்டியளா?"

"அது எங்காலுல தட்டுச்சு," என்றாள் மிக்கேலம்மாள். பச்சைப் பொய். அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். அவள் பின்சீட்டில் ரெஜிஷா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் அவன் பிபினுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். கியரை மாற்று, வளைவில் ஹாரன் அடி, பஸ்காரனுக்கு வழி விடு. தக்கலை வந்தது, போக்குவரத்துப் போலீஸ் கை காட்டியது, வண்டி நின்றது, எஞ்சினும் அணைந்தது. வைகுண்டராஜன் பதறினான். "ஏலே, ஆஃப் ஆயிட்டு! டீசல் இருக்கா? சாவியத் திருப்பு, முகூர்த்தம் போயிரும்!"

பிபின் சிரித்தான். "இது அப்படித்தான் மாமா. நின்னா அதுவா அணையும். சும்மா இருந்து பாருங்க."

சத்தம் அடங்கியது. அவன் மெதுவாகச் சீட்டில் சாய்ந்தான். கண்ணாடிக்கு வெளியே தெரு, கடைகள், பூக்காரி, எல்லாவற்றையும் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்த்தான். திரும்பாமலே கேட்டான்:

"யக்கா. சௌகரியமா இரிக்கியளா?"

மிக்கேலம்மாள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். ரெஜிஷா அவள் தோளைத் தொட்டாள். போலீஸ் கையை இறக்கியது.

"எனக்கென்ன கொறச்சல் மக்கா," என்றாள். "வண்டிய எடு."