நிற்கிற பூனைக்குட்டி

லுணுகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரெங்கம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து பறிப்பதில் அவள் கை வேகம் என்றால், வாய் அதைவிட வேகம். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி எல்லாரையும் அதட்டிக் கூப்பிடுவார். ரெங்கம்மாவை மட்டும் மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, தாய் இடுப்பில் குழந்தையாக வந்து சேர்ந்தவள். புருஷன் அழகரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, மகள் பவுனுவை ஒற்றை ஆளாக வளர்த்தவள். அழ அவளுக்கு நேரம் இருந்ததில்லை. சண்டை போட மட்டும் எப்படியோ நேரம் கிடைத்தது.

அந்தப் பவுனுவைப் பெண் பார்க்கப் பூனாகலைத் தோட்டத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் ரெங்கம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை சின்னராசா தங்கமான பையன். அவன் அம்மா பெரியாயிதான் பேர்போன ஆள். அவளுடைய மூத்த மருமகள் மாமியார் முன்னால் உட்கார்ந்ததை இன்றுவரை யாரும் பார்த்ததில்லையாம். சோறு தின்பதுகூட நின்றுகொண்டுதானாம். நாளெல்லாம் மலையில் நின்றுவிட்டு வருகிற பிள்ளைக்கு வீட்டிலும் உட்கார இடமில்லையென்றால் என்ன வாழ்க்கை அது? ரெங்கம்மாவின் நெஞ்சில் இது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

லயத்து வீட்டு வரிசையில் அவர்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் சுவர் புகையில் கறுத்துக் கிடந்தது. அதை மறைக்க ஒரு சாமி படம் வாங்கி வரலாம் என்று லுணுகலைக் கடைக்குப் போனவள், பூனைப் படத்தோடு திரும்பி வந்தாள்.

சீமைக்குத் திரும்பிப் போன ஏதோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன சாமான்களோடு அந்தப் படம் கடைக்கு வந்திருந்தது. தங்க நிறச் சட்டம், மேலே கண்ணாடி. மேசையைச் சுற்றி நான்கு பூனைகள் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கின்றன. ஒன்றுக்குக் கோட்டும் கடிகாரச் சங்கிலியும். இன்னொன்றுக்குப் பூப்போட்ட கவுன், மூக்கில் கண்ணாடி, துரைசானியே தோற்றுப்போகிற மிடுக்கு. ஓரத்தில் ஒரு சின்னக் குட்டி, இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, கையில் தட்டோடு நிற்கிறது.

கடைக்காரர் ஒரு முருகன் படத்தைத்தான் எடுத்து நீட்டினார். ரெங்கம்மாவின் கண் பூனைகளை விட்டு நகரவில்லை.

"நாம பறிக்கிற கொழுந்து கடைசில எங்க போவுதுன்னு இப்பத்தானே தெரியுது" என்றாள்.

பக்கத்துக் காம்பரா வடிவம்மா படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல எதுக்க ஒரு பூனை வந்தாலே ஆளுக திரும்பிப் போயிருவாங்க. நீ அஞ்சைக் கொண்டாந்து மாட்டியிருக்கியேடி!"

"குறுக்க போனாத்தான் சகுனம். இதுக உக்காந்து தேத்தண்ணி குடிக்குதுக. எந்திரிச்சு எங்க போகப் போவுதுக?"

வெள்ளிக்கிழமை ஐந்து பூனைகளுக்கும் குங்குமம் வைத்தாள். வடிவம்மா அதற்கும் சிரித்தாள்.

"சட்டம் போட்டு மாட்டுனா பொட்டு வைக்கணும். யானை மூஞ்சிக்கு வைக்கலையா? பூனை மூஞ்சின்னா எளக்காரமா?" என்று அவள் வாயை அடைத்தாள் ரெங்கம்மா.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெரியாயி பாயில் உட்கார்ந்தாள்; பெண்ணைப் பார்க்குமுன் சுவரைப் பார்த்தாள்.

"இதென்ன படம்?"

"சீமைப் பூனைங்க, மதினி."

அந்த நேரம் பார்த்துப் பவுனு தட்டில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பெரியாயி படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் உக்காந்திருக்கு. அந்தக் குட்டி மட்டும் ஏன் நிக்குது?"

அன்றைக்கு மட்டுமாவது வாயைக் கட்டிக்கொண்டு இருப்பேன் என்று ரெங்கம்மா சாமிக்கு நேர்ந்திருந்தாள். சாமி என்ன செய்யும்?

"அது மருமக போலருக்கு, மதினி."

பவுனு அவசரமாகத் தேத்தண்ணி லோட்டாவை எடுத்துப் பெரியாயியிடம் நீட்டினாள். சின்னராசா சிரிப்பை மறைக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை. பெரியாயி தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து லோட்டாவைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு புடிச்சிருக்கு. சீரோட அந்தப் படத்தையும் அனுப்பிருங்க."

அவ்வளவுதான். ஏன் கேட்டாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அடுப்பில் போடத்தான் என்றாள் வடிவம்மா. கல்யாணம் நல்லபடியாகவே முடிந்தது. பித்தளைக் குடத்தோடு பூனைகளும் பூனாகலைக்குப் போயின. ஆனால் ரெங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. என் வாயால என் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே என்று, அழ நேரமில்லாத அந்த மனுஷி கொழுந்து மலையில் கூடைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

பொங்கல் கழிந்து, பலகாரத்தைக் கட்டிக்கொண்டு மகளைப் பார்க்கப் போனாள். வழியெல்லாம் பவுனு எந்த மூலையில் நிற்கிறாளோ என்ற நினைப்புதான். வாசலில் கால் வைத்ததும் எதிர்ச் சுவரில் படம் தெரிந்தது. பூனைகளின் நெற்றியில் குங்குமம். குட்டியின் பின்னால் மட்டும் கண்ணாடியில் ஏதோ கறுப்பாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். யாரோ கண்மையைத் தொட்டு ஒரு முக்காலி வரைந்திருந்தார்கள்.

அதற்கு நேர் கீழே, மூத்த மருமகளும் பவுனுவும் அக்கடா என்று உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் பவுனு எழப்போனாள்.

"சாப்புடயில எந்திரிக்காத!" என்று அடுப்படியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. அகப்பையோடு வெளியே வந்த பெரியாயி, ரெங்கம்மாவின் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டாள்.

"எந்நேரமும் நின்னுக்கிட்டே இருந்துச்சு. பாக்குற எனக்குல்ல கால் வலிச்சுச்சு."

ரெங்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"முக்காலிக்கு ஒரு கால் கட்டையா இருக்கே, மதினி."

"உக்காந்தாப் போதும்" என்று பெரியாயி அவளுக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.