நோயாளி சொன்னது

ஆண்கள் பொது வார்டில் அவளுக்கு மேற்கோள் சிஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லாரும் அக்கா என்பார்கள்.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த மாத்திரை எல்லாவற்றுக்கும் கீழே கடைசியாக ஒரு கட்டம்: நோயாளி சொன்னது. மற்ற நர்சுகள் அதில் ‘வலி உள்ளது’ என்றோ ‘தூக்கம் இல்லை’ என்றோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். சொன்னதைச் சொன்னபடியே, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு எழுதுவாள். கட்டம் போதாமல் அட்டையின் பின்பக்கத்துக்கும் எழுத்து போகும்.

“முதுகுல யாரோ கதவைத் திறந்து திறந்து சாத்துற மாதிரி இருக்கு.”

“வயித்து வலி கொஞ்சம்தான். என் மகன் வரல. ரெண்டும் ஒரே இடத்துல தெரியுது.”

இரண்டாவதைப் படித்த இளம் டாக்டர், “இதுக்கு நான் என்ன மாத்திரை எழுதறது சிஸ்டர்?” என்று கேட்டார்.

“மகனோட போன் நம்பர் பின்னாடி இருக்கு டாக்டர். அதை எழுதிக்குங்க.”

மகன் மறுநாள் வந்தான். வயிற்று வலி போகவில்லை. ஆனால் நான்கு நாளாக ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஆள் எழுந்து செருப்பைத் தேடினார்.

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் அவளை ஒரு நான்கு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். நாற்பது பேர் போனார்கள். பாடம் நடத்திய அம்மாள், மெல்லிய குரல்காரர், எங்கோ வெளிநாட்டில் யோசித்து எழுதப்பட்ட ஒரு செவிலியக் கோட்பாட்டை விளக்கினார். நோய் என்ன என்பது மருத்துவருக்குத் தெரியும். அந்த நோயோடு ஒரு நாளைக் கழிப்பது எப்படி இருக்கிறது என்பது படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அதைத் திருத்தாமல், விளக்கம் சொல்லாமல், கூட இருந்து கேட்பதுதான் நர்சின் முதல் வேலை என்றார். முப்பத்தொன்பது பேர் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். இவள் மறு வாரமே நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பித்தாள்.

அவளாக ஒரு விதியும் சேர்த்துக்கொண்டாள். நோயாளி பேசும் பத்து நிமிடம் வீட்டு ஆட்கள் வெளியே இருக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்வது அவர்கள்தான் என்று கண்டிருந்தாள்.

“முப்பது வருஷமா இவரோட குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாததை உன்கிட்ட என்னத்தச் சொல்லிடப் போறாரு?” என்பார்கள் மனைவிமார்.

“அதைத்தாம்மா நானும் கேக்கப் போறேன். பத்து நிமிஷம்.”

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் இருபத்தாறு வருடம் வேலை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, அவள் வேலை பார்த்த அதே மருத்துவமனையின் தரைத்தளத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். இயந்திரத்தைப் பற்றி முதல் நாளே குறை சொன்னார். “பேரிங் தேஞ்சிருக்கு. சத்தம் கேளு.” மூன்று மாதம் கழித்து அந்த இயந்திரம் பழுதாகி நின்றபோது தரைத்தளம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் மாலை, அவள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் சாய்ந்து நின்று சொன்னார்.

“போதும்னு தோணுது எனக்கு. அந்த மிஷினை நிறுத்திடலாம்.”

“பொட்டாசியம் ஏறியிருக்கும். ஏறினா மனசு இப்படித்தான் சோரும்.”

“பொட்டாசியம் பேசல. நான் பேசறேன்.”

அவள் ஒரு தட்டை இரண்டாம் தடவை துடைத்தாள்.

அதன் பிறகு அவர் பல தடவை சொன்னார். செருப்பு மாட்டும்போது, பஸ்ஸில், தலை சீவும்போது. ஒவ்வொரு தடவையும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. ரத்தம் குறைவு. இந்த மாத்திரையால் வருவது. மழை நாள். வெளியூரில் இருந்த மகள் போனில், “அப்பா என்னம்மா சொல்றார்?” என்று கேட்பாள். “நல்லா இருக்கேங்கறார்” என்பாள் இவள். மாதம் ஒரு தடவை பார்க்கும் சிறுநீரக டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று அவரைத்தான் கேட்பார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். டாக்டரும் அவளைப் பார்த்தே மீதியைப் பேசுவார், ஒரே மருத்துவமனை ஆட்கள் இல்லையா.

“என் வக்கீல் வாதாடியாச்சு. நான் கிளம்பலாமா டாக்டர்?” என்று எழுந்துகொள்வார் அவர்.

டயாலிசிஸ் பிரிவின் ஆண் நர்சை மீசை என்பார்கள். அவளைவிட இரண்டு வருடம் சின்னவர், அதே பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழைப் பெட்டியில் வைத்தவர்களில் ஒருவர். ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி போட்டு முடித்ததும் அவளிடம் வந்தார்.

“அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. பத்து நிமிஷம்.”

“எதுக்கு?”

“எத்தனை பேரை நீங்க வெளிய உக்கார வச்சிருப்பீங்க? எதுக்குன்னு என்னைக் கேக்கறீங்களே.”

வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாக அவர் வாய் அசைவது தெரிந்தது. மீசை எழுதிக்கொண்டிருந்தார். இடையில் அவர் ஏதோ சொல்ல, மீசை எழுதுவதை நிறுத்திச் சிரித்தார். பத்து நிமிடம் இருபதானது. யாருடைய மனைவியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உள்ள என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றாள் இவள்.

மீசை தாளோடு வந்தார். “நாளைலேர்ந்து எனக்கு மூணு வாரம் லீவு, அம்மாவுக்கு ஆபரேஷன். நீங்க மேல வார்டுக்குத்தானே போறீங்க. போற வழியில டாக்டர் மேஜையில வச்சிடுங்க. படிங்க, தப்பில்ல. காட்டலாம்னு அவரே சொன்னார்.”

மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தது.

“ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுட்டா உள்ள இருக்கறவன் மேல போகணும்னு கேக்க மாட்டான், கீழ போகணும்னும் கேக்க மாட்டான். கதவைத் திறன்னுதான் கேப்பான். இத்தனை நாளா நான் அதைத்தான் கேக்கறேன். பயம் இல்ல. கோபமும் இல்ல. நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியும். வீட்ல நிறையத் தடவை சொல்லிட்டேன். அவ நர்ஸா இருந்திருந்தா எப்பவோ எழுதியிருப்பா. பொண்டாட்டி ஆயிட்டா, என்ன பண்றது.”

“‘சோர்வாக உள்ளார்’னு மாத்தி எழுதிடேன்” என்றாள்.

“நான் அப்படி எழுதியிருந்தா நீங்க என்னைக் கிழிச்சிருப்பீங்க அக்கா.”

அவள் படியேறினாள். டாக்டர் அறை திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. தாளை மூன்றாக மடித்துக் கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்கும் சீப்புக்கும் நடுவே வைத்தாள். நாளைக்கு வைக்கலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படித்தான் நினைத்தாள். வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனையில் முன்பைவிடக் கொஞ்சம் முன்னேற்றம். அதைக் காட்டினால் அவரே மனம் மாறுவார் என்று தோன்றியது. காட்டினாள். “நல்லது” என்றார். பிறகு, “மீசை எழுதினது டாக்டர்கிட்ட போச்சா?” என்றார்.

“போச்சு.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“படிச்சிருப்பார்.”

அவர் டாக்டருக்காகக் காத்திருந்தார். டாக்டர் வந்தார், இயந்திரத்தின் எண்களைப் பார்த்தார், தோளைத் தட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். கணவர் தாமாக எதுவும் கேட்கவில்லை. “பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா லிஃப்ட் சீக்கிரமா வந்துடாது” என்பது ஆயுசு முழுக்க அவர் சொல்லிவந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் நிம்மதி என்றே முதலில் நினைத்தாள். மெல்ல மற்ற பேச்சும் நின்றது. இயந்திரத்தைக் குறை சொல்வது நின்றது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் வெளியே பார்ப்பதில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் அவரைக் கூட்டிப்போக அவள் கீழே இறங்கியபோது, மீசைக்குப் பதிலாக வந்த பெண் ஊசிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்தாள் இவள். கடைசிக் கட்டத்தில் ‘நலமாக உள்ளார்’ என்று இருந்தது.

“இவர் என்ன சொன்னார்?”

“நல்லா இருக்கேன்னார் சிஸ்டர். நான் கேட்டுட்டுத்தான் எழுதினேன்” என்றாள் அந்தப் பெண், ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல.

மகளுக்கு அவர் சார்பில் இவள் சொல்லிவந்த அதே சொல். இப்போது அவர் வாயிலிருந்தே வந்திருந்தது. அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். யார் கேட்டாலும் இனி அதைத்தான் சொல்வார் என்று அவளுக்குப் புரிந்தது. அவரை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

டாக்டர் தாளைப் படித்தார். பிறகு மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தார்.

“இது மூணு வாரத்துக்கு முன்னாடி எழுதினது.”

“ஆமா டாக்டர்.”

“எங்க இருந்துது?”

“என் பையில.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அவரை வரச் சொல்லுங்க. நீங்க—”

“வெளிய இருக்கேன்.”

இரண்டு நாள் இடைவெளி விட்டு டாக்டர் மறுபடியும் கேட்டார். தாளில் இருந்ததையே அவர் சொன்னார். டயாலிசிஸை நிறுத்தினார்கள். மகள் வந்து பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், “நீ நர்ஸா இருந்துக்கிட்டு எப்படிம்மா சம்மதிச்ச?” என்றாள்.

“என்னை யாரும் சம்மதம் கேக்கல.”

கட்டிலை முன்னறையில் போடச் சொன்னார் அவர். மாடிப்படியில் ஆட்கள் ஏறி இறங்கும் சத்தம் கேட்க வேண்டுமாம். கூட வேலை பார்த்த ஒருவர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல், “மேல போற வண்டியா, கீழ போற வண்டியா?” என்றார்.

“எது வந்தாலும் ஏறிக்கறேன்டா. நின்னுக்கிட்டே இருக்கறதுதான் முடியல.”

ஒன்பதாம் நாள் விடிந்தபின், மகள் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது இறந்தார்.

ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். இப்போதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறாள். எழுதி முடித்ததும் அட்டையை நோயாளியின் கண்ணெதிரே பிடித்து, “இதைத்தானே சொன்னீங்க?” என்று கேட்கிறாள். முன்பு அப்படிக் கேட்டதில்லை. கணவர் செய்தது சரி என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறாள்.

அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்னால், அந்த ஆறாம் நாள் மத்தியானம் ஒன்று நடந்திருந்தது. மகளிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. மகள் குளிக்கப் போயிருந்தாள். அவர் கண்ணை மூடிக் கிடந்தார், விழிப்பும் மயக்கமும் மாறி மாறி வந்துகொண்டிருந்த நேரம். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அந்தத் தாளை டாக்டர்கிட்ட நான் கொடுக்கல. மூணு வாரம் என் பையிலதான் இருந்துது. நீங்க கேட்டப்போ போச்சுன்னு பொய் சொன்னேன்.”

அவர் கண் திறந்தது. அவளைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“ஒம்போது தடவை உங்களை மிஷின்ல போட்டாங்க. என்னாலதான்.”

“தண்ணி குடு” என்றார்.

சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து நாளுக்கு மூன்று டம்ளருக்கு மேல் அவருக்குத் தண்ணீர் இல்லை. அளந்து ஊற்றியது அவள்தான். எழுந்துபோய் டம்ளர் நிறையக் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள். நிறுத்தி நிறுத்தி முழுதையும் குடித்தார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

மன்னித்தாரா, அவள் சொன்னது அவருக்கு எட்டியதா, எதையும் அவளால் சொல்ல முடியாது. தண்ணீர் கேட்டார். அதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.