கொரிந்து சபைக்கு ஒரு அச்சு அசல் நகல்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவருக்குச் சபையில் 'ஆமென் அக்கா' என்று பெயர். கடைசி ஆமென் சொல்லும்போதுதான் வந்து சேருவார். ஞாயிறு ஷிப்ட் பதினொன்றுக்கு முடியும். ஆராதனை பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். நடுவில் இரண்டு பஸ். திருவிருந்து அப்பம் அவர் வாய்க்கு எட்டி ஏழு மாதம் ஆகிறது. கணவரிடம் மட்டும் இதைச் சொல்லி மூக்கைச் சிந்துவார். சபையில் சிரித்தே சமாளித்துவிடுவார்.

புதன்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று மாலை பாஸ்டர் நடத்தும் ஆதித் திருச்சபை வரலாற்று வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவார். மற்றவர்கள் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருக்க, இவர் நோட்டில் எழுதித் தள்ளுவார்.

வகுப்புகள் முடிந்த சூட்டில் சபைச் செயலருக்கு ஒரு யோசனை உதித்தது. தொழிற்சாலையில் முப்பது வருடம் வருகைப் பதிவு பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"வர்ற ஞாயிறு, முதல் நூற்றாண்டு சபை மாதிரியே எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுற அன்பின் விருந்து. திருவிருந்தும் அதோடயே. எல்லாம் அச்சு அசலா இருக்கணும்!"

நாற்காலிகள் வெளியேறின. மண் விளக்குகள் வந்தன. அங்கிகளுக்குத் துணி? ஆமென் அக்காதான் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி, வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தார். செயலர் ஒன்றைக் கம்பீரமாகப் போர்த்திப் பார்த்தார். முதுகில் 'எலும்பு முறிவுப் பிரிவு' என்ற முத்திரைதான் போகவில்லை.

"விருந்து எத்தனை மணிக்குங்கய்யா?"

"பத்தரைக்கு. டாண்ணு ஆரம்பிச்சிடுவோம்."

"பன்னெண்டுக்கு வெச்சா நானும்..."

"ஒருத்தருக்காக மொத்தச் சபையும் பட்டினி கிடக்கணுமாம்மா? நீ கொஞ்சம் முன்னாடி கிளம்பப் பாரு."

"சரிங்கய்யா. ஞாயித்துக்கிழமை மட்டும் பெட்ஷீட்டை நனைக்காதீங்கன்னு நோயாளிங்ககிட்ட சொல்லிடறேன்."

ஞாயிறன்று ஓட்டமும் நடையுமாக அவர் வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பக் கூடையில் தூள்தான் இருந்தது. செயலர் வயிற்றைத் தடவியபடி எதிரே வந்தார்.

"பாத்தியாம்மா, அப்படியே ஆதிச் சபை! ஒரு குறை சொல்லு பாப்போம்."

"குறையே இல்லீங்கய்யா. அசல் கொரிந்து சபை."

"ஏன் கொரிந்து?"

"அங்கயும் வசதிப்பட்டவங்க முந்திக்கிட்டு வயிறு முட்டச் சாப்பிட்டாங்க. வேலை முடிஞ்சு வந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்க மாட்டீங்களான்னு அப்போஸ்தலர் பவுல் கடுதாசி போட்டுக் காய்ச்சி எடுத்துட்டார். மூணாவது புதன் பாஸ்டர் சொன்னாரே! நீங்க கண்ணை மூடி ஜெபத்துல இருந்தீங்க போல. குறட்டை மட்டும் கேட்டுச்சு."

பக்கத்தில் நின்ற பாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கூடையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பாடம் நடத்தினதும் நான்தான். முதல் ஆளா சாப்பிட்டதும் நான்தான்."

வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போகத்தான் அக்கா நினைத்தார். கண்ணீர் முந்திக்கொண்டது. "நான் அப்பம் எடுத்து ஏழு மாசம் ஆச்சு பாஸ்டர்."

செயலர் தன் மேலிருந்த விரிப்பை மெல்லக் கழற்றி மடித்தார்.

அடுத்த ஞாயிறும் அதே இரண்டு பஸ், அதே பதினொன்று ஐம்பது. வாசலில் யாரையும் காணோம். எல்லோரும் போய்விட்டார்கள் போல என்று அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். சபை நிறைந்திருந்தது. பிள்ளைகள் பசியில் நெளிந்துகொண்டிருந்தன. மேசைமேல் அப்பம் பிட்கப்படாமல் இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் திகைத்துப்போய்.

"நீ வராம எப்படிம்மா ஆரம்பிக்கிறது?" என்றார் செயலர். "சீக்கிரம் வந்து உக்காரு தாயே, பசி உயிர் போகுது!"