கொடிக்கால் வரப்பில் அவிழ்த்த கட்டு

"...நமநமன்னு ஊறுது, அவ்வளவுதான். வலி ஒண்ணுமில்ல மாப்ளே" என்றார் என் அக்காள் கணவர். மண்வெட்டி பட்டுக் காலில் வந்த புண். பரமத்திப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைக் கோயிலாக நினைப்போம். செருப்போடு நுழைய மாட்டோம். சீழ்த்துணியும் தீட்டு என்று அவர் தினமும் வரப்பிலேயே கட்டை அவிழ்த்துவிட்டு, திறந்த புண்ணோடு வேலை செய்திருக்கிறார். ஈ மொய்த்திருக்கிறது.

வாசகர்கள் அருவருக்காமல் படிக்க வேண்டும். நான் குனிந்து பார்த்தபோது புண்ணுக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"ஆட்டுக்கு வாரதாச்சே, மனுசனுக்குமா?" என்று அக்காள் அழுதாள். வண்டி கட்டி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டர்பன்டைன் எண்ணெய் ஊற்றி, இடுக்கியால் எடுக்க எடுக்கப் புழுக்கள் வந்துகொண்டே இருந்தன. அழுகிப்போன இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள். மறுபடி புழு வைத்தால் காலே போகும் என்றார் டாக்டர்.

அதுமுதல் எங்கள் வீட்டில் யாருக்குக் காயம் பட்டாலும், ஆறும்வரை அவர்கள் கொடிக்கால் வேலையை நானே பார்க்கிறேன். அவரிடமும், "உங்க வேலையையும் நானே பாக்கறனுங்க மாமா, கட்டைப் பிரிக்காதீங்க" என்று கெஞ்சினேன்.

"ஆகட்டும் சாமி" என்றார். ஊர் திரும்பிய மறுநாளே வரப்பில் உட்கார்ந்து, கட்டைப் பொறுமையாக அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.