நாலு முன்னால், மூன்று பின்னால்

திருவள்ளூரில் சின்னதாக லேப் வைத்திருந்த டாக்டர் ஜபீனை அவருடைய உம்மாவே ‘எரிஞ்சு விழுறவ’ என்றுதான் சொல்வார். பழவேற்காட்டில் கருவாட்டு மொத்த வியாபாரக் குடும்பம். வெட்டியனுப்பிய சதையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதெல்லாம் ஒரு டாக்டர் வேலையா என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. நோயாளிகளும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் எழுதும் முடிவை அவர்களிடம் சொல்வது சர்ஜன்தான்.

அதனால் 2007 ஆடியில் ஒரு நோயாளி ஜாங்கிரிப் பெட்டியோடு நுழைந்தபோது ஜபீன் திகைத்தார். அத்திப்பட்டு மின்நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தேசப்பன். கூட மனைவி சின்னப்பொண்ணு.

“பத்துக்கு ஏழு போட்டுக்கீறீங்க டாக்டரம்மா. பாஸுதானே?”

நீட்டிய சர்ஜன் கிளினிக் சீட்டில் ‘கிளீசன் 7’ என்று மட்டும் இருந்தது. ஜபீன் எழுதியனுப்பியதோ ‘4+3=7’. டைப் அடித்தவர் கூட்டலை விழுங்கிவிட்டார். ஜபீனுக்குத் தலை கொதித்தது.

“இது பரீட்சை இல்லைங்க. பிராஸ்டேட்ல வந்திருக்குற புத்துநோய் எவ்ளோ முரடுன்னு போடுற நம்பர். கூடினா ஆபத்து.”

“எங்கூட வேலை பாக்குற பச்சையப்பனுக்கும் இதே நோவு, ஏழுதான். மெதுவா பாத்துக்கலாம்னு சொல்லிக்கீறாங்க. நானும் பொண்ணு கல்யாணத்த முடிச்சுகினு மாசில...”

“அவருக்கு எது முன்னாடியோ எனக்குத் தெரியாது. அந்த ஏழு ரெண்டு நம்பரோட கூட்டல்; சதையில தெரியுற ரெண்டு விதமான புத்துக்கு ஒவ்வொரு நம்பர், எது அதிகமா இருக்கோ அதைத்தான் முதல்ல எழுதுவோம். உங்களுக்கு நாலு முன்னாடி. மூணை விட அது முரடு. மாசி வரைக்கும் தாங்காது.”

“நான் சொன்னா கேக்குதா இந்த மனுசன்?” சின்னப்பொண்ணு பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “ஊரெல்லாம் இனிப்பு குடுத்துகினு கீது!”

ஜபீன் சர்ஜனுக்குப் போன் போட்டார். அவர் சிரித்தார். “நாலும் மூணும் ஏழு, மூணும் நாலும் ஏழு. இன்னா மேடம் வித்தியாசம்?”

“கூட்டிச் சொல்றதுக்கு நான் எதுக்கு சார்? ஒரு கால்குலேட்டர் வாங்கி வெச்சுக்கோங்க.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. ரிப்போர்ட்டைத் தேடியெடுத்துப் படிக்கும் சத்தம். “நாளைக்கே வரச் சொல்லுங்க” என்றார்.

தேசப்பன் சென்னைக்குப் போய் ஐப்பசி வரை கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். தையில் இளைத்துப்போன உடம்போடு மணமேடையருகே நின்று பெண்ணைத் தாரைவார்த்தார்.

அதன்பின் அந்த கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு பிராஸ்டேட் ரிப்போர்ட்டையும் ஜபீன் போனிலும் வாசித்தார். இரண்டு எண்களையும் அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவர் குரல் கேட்டாலே ரிசப்ஷனில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன் தாவியது.