நீலம் பூசிய காகிதம்

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தேஹு ரோடு வீட்டு வராந்தாக் கொடியில் துணிகளுக்கு நடுவே காகிதங்களும் தொங்கின. விரல் நீளம்தான் இருக்கும். கீழே தூளியில் தங்கச்சிப் பாப்பா தூங்குவாள். அவள் மூச்சில் எப்போதும் பூனை உறுமுவது போல ஒரு சத்தம். நான் பாயில் படுத்து, காகிதம் ஆடுவதையும் தூளி ஆடுவதையும் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் மிதப்பேன்.

காகிதங்கள் அத்தையுடையவை. அப்பாவின் தங்கை, காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தாள். ஜவ்வரிசிக் கஞ்சியில் ஏதோ ஒரு உப்பைக் கலந்து காகிதத்தில் தடவி நிழலில் தொங்கவிடுவாள். பகலெல்லாம் அதில் காற்று பட வேண்டும். சாயங்காலம் தண்ணீரில் நனைத்தால், காற்றில் ஓசோன் இருந்த அளவுக்கு நிறம் ஏறும். கொஞ்சம் என்றால் வெளிர் ஊதா, நிறைய என்றால் கருநீலம். நீங்கள் இன்று சிக்னல் பக்கம் பார்க்கிறீர்களே, காற்றின் மாசை அளக்கும் அந்தப் பெட்டி, அது காற்றை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அதற்குள் பாய்ச்சி, ஓசோன் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று பார்த்துச் சொல்லிவிடும். அன்று எங்களுக்கு ஜவ்வரிசிதான்.

நகரத்துக்குள் வானவடியில் அத்தையின் தோழி வீட்டுக் காகிதம் ஊதாவானது. எங்களுடையது மூன்று நாளும் வெள்ளை. எனக்குத் திக்கென்றது. வெயிலின் கெடுதலைத் தடுக்கும் குடைதான் ஓசோன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் எங்கள் வீட்டுக்குக் குடையே இல்லை! பின்னே, பாப்பாவுக்கு எதனால் இப்படி மூச்சு இழுக்கிறது?

நான்காம் நாள் மத்தியானம், துணிக்குப் போடும் நீலத்தில் விரலை முக்கிக் காகிதம் முழுக்கத் தடவினேன். வானத்தில் ஒரு துண்டு இறங்கி வந்து கொடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாப்பாவுக்குக் குடை பிடித்துவிட்ட நிம்மதியில் தூங்கிப்போனேன்.

சாயங்காலம் காகிதத்தை நனைக்க வந்த அத்தையின் சத்தம்தான் எழுப்பியது. “அண்ணி! பாப்பாவ உள்ள தூக்குங்க! ஜன்னல சாத்துங்க, ஜல்தி!”

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். “அரே, என்னடி ஆச்சு?”

“இவ்ளோ நீலம் நான் பாத்ததே இல்ல. இந்தக் காத்து புள்ளைக்கு ஆகாது அண்ணி, மூச்சு இன்னும் இழுக்கும்.”

ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. வீடு இருட்டாகிப் புழுங்கியது. அத்தை காகிதத்தின் மேல் எலுமிச்சை பிழிந்தாள். காற்று ஏற்றிய நிறமானால் அதில் மறைந்துவிடுமாம். மறையவில்லை. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“டேய், கைய காட்டு.”

“பாப்பாவுக்குக் குடை, அத்தை…”

“குடையா? பாதி டப்பா நீலம் போச்சு!” என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “மேல வானத்துல இருந்தாத்தான்டா அது குடை. மூக்குகிட்ட வந்தா விஷம்.”

ஒரே ஆள் மாடியில் நல்லவன், கீழே இறங்கினால் கெட்டவனா? நான் நம்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் அத்தை புதுக் காகிதத்தை நனைத்தாள். துளி நிறம்கூட இல்லை. அதை அம்மாவுக்குத் தூக்கிக் காட்டினாள். இருவரும் பாப்பாவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் மட்டும் மூலையில் நின்று அழுதேன். ஒன்றுமே வராத காகிதத்துக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்குப் புரியவே இல்லை.